ஹபீப் பாய் மறைத்த நாலு இஞ்சு

சியாமளாவுக்குக் கடலுக்குள் இறங்கிப் பார்க்கும் ஆசை நாற்பத்தொன்பதாவது வயதில் வந்தது. ஆசை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்றாள்.

ஒரு வகையில் அது உண்மைதான். கல்பாக்கத்தில் கடல் உயிரினங்களை ஆராயும் கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக அவள் கொட்டலசு எண்ணிக்கொண்டிருந்தாள். படகின் அடியிலும் பாலத்துத் தூணிலும் குட்டி எரிமலை மாதிரி கூட்டமாக ஒட்டிக்கொண்டு, காலில் பட்டால் பிளேடு போலக் கிழிக்குமே, அந்தப் பிராணி. மாதம் ஒருமுறை கடலில் தொங்கவிட்ட மரப்பலகைகளை மேலே எடுத்துக்கொண்டு வருவார்கள். எத்தனை ஒட்டியிருக்கிறது, என்ன வகை, எத்தனை மில்லிமீட்டர் என்று அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதவேண்டும். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கொட்டலசு கதவைச் சாத்திக்கொண்டுவிடும். ஆய்வகத் தொட்டியில் விட்டால் நாலைந்து மட்டும் மனசில்லாமல் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அவளுக்கும் அவற்றுக்கும் பழக்கம்.

2006 டிசம்பரில், பலகையை மேலே எடுக்காமல் கடலுக்கடியிலேயே படம் எடுத்தால் என்ன என்று பிரிவுத் தலைவர் யோசனை சொன்னார். அதற்கு ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்குவதை, கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவனுக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது. இன்னொருவனுக்குக் காது டாக்டர் கூடாது என்றுவிட்டார். "வேற யாராவது இருக்கீங்களா?" என்று கூட்டத்தில் தலைவர் கேட்டபோது சியாமளா கையைத் தூக்கினாள்.

"ஃபேனைக் குறைக்கணுமா மேடம்?" என்றார் அவர்.

ஃபேனுக்காக இல்லை என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரமானது. சியாமளா சோழவந்தான்காரி. பத்து வயதில் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவள். மருத்துவப் பரிசோதனையில் அவளுடைய ரத்த அழுத்தம் தலைவருடையதைவிட நன்றாக இருந்தது. அனுமதி கிடைத்தது. அவள் கணவர் பாலசுப்ரமணியன், அதே ஊரில் இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர் நல்லாப் பாத்தாரா?"

பயிற்சிக்குக் கோவளம் போகவேண்டியிருந்தது. அங்கே ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சூசைராஜ் என்பவன் ஸ்கூபா சொல்லிக்கொடுத்தான். மீனவக் குடும்பத்துப் பிள்ளை. அந்தமானில் எட்டு வருஷம் வேலை பார்த்து, பரீட்சை எழுதி, பயிற்சியாளர் சான்றிதழோடு ஊர் திரும்பியவன். அங்கே கடையை மூடிய ஒரு டச்சுக்காரர் கொடுத்த சாமான்கள்தான் அவனுடைய மூலதனம். காற்று சிலிண்டர்கள், முகமூடிகள், அத்தோடு ஏழு வெட்சூட்டுகள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக ரப்பரில் செய்த உடுப்பு. ஏழும் ஆணியில் வரிசையாகத் தொங்கின. தலையில்லாத ஏழு டச்சுக்காரர்களைப் பார்ப்பது போல் இருந்தது சியாமளாவுக்கு.

"இது இல்லாம எறங்கக் கூடாதா, சூசைராஜ்?"

"எறங்கலாம் மேடம். ஆனா நீங்க பாக்கப் போறது இன்னா? கொட்டலசு. ஒரு தபா ஒரசினா கை காலு கோடு கோடா கிழிஞ்சிடும். அப்பறம் சொறி மீனு கீது, பட்டா தடிச்சிடும். குளிரு வேற. அரை மணி நேரம் அடியில இருந்து பாருங்க, நம்ம கடல்லயே பல்லு அடிச்சுக்கும்."

"இதைப் போட்டா தண்ணி உள்ள வராதா?"

"வரும். கொஞ்சூண்டு வந்து, ஒடம்புக்கும் ரப்பருக்கும் நடுவுல நின்னுடும். உங்க ஒடம்புச் சூட்லயே அது வெதுவெதுன்னு ஆயிடும். சட்ட லூசா இருந்தா அது வெளிய பூடும், புதுத் தண்ணி வந்துகினே இருக்கும். டைட்டா இருந்தா மூச்சு வுட முடியாது. ரெண்டுத்துக்கும் நடுவுல இருக்கணும். அவ்ளோதான் மேட்டரு."

அவ்வளவுதான் என்று அவன் சொன்ன அந்த மேட்டருக்கு நாலு மாதம் பிடித்தது.

முதல் நாள் அவன் கொடுத்த மஞ்சள் வெட்சூட்டோடு அவள் கொட்டகையின் உள்ளறைக்குப் போய், இருபது நிமிஷம் போராடி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு பெருமையாக வெளியே வந்தாள். சூசைராஜ் அவளைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவனுக்கு அந்தப் பெரிய கடல் தேவைப்பட்டது.

"மேடம், ஜிப்பு முதுகுப் பக்கம் வரணும்."

முப்பது வருஷமாக முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கை போடுகிறவளுக்கு இது எப்படித் தெரியும்? உள்ளே போய்த் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த உடுப்பு ஆறடி மூன்றங்குல மனிதனுக்காகச் செய்தது. சியாமளா ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. அகலம் எப்படியோ நிரம்பிவிட்டது, நீளம்தான் எங்கே போவது என்று தெரியாமல் மடிப்பு மடிப்பாக நின்றது. முட்டி தேயாமலிருக்க வைத்த தடித்த ரப்பர் அவளுடைய கணுக்காலில் இருந்தது.

மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு விடுதியின் நீச்சல்குளத்தில் பயிற்சி. காலை எட்டு மணி. விருந்தினர்கள் குளத்தைச் சுற்றி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சியாமளா தண்ணீரில் இறங்கினாள். காற்றுக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு அடியில் மண்டியிடுவது, முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது எல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தது. கஷ்டம் மேலே ஏறும்போதுதான் தெரிந்தது. அவளோடு குளத்தில் பாதியும் ஏணியில் ஏறப் பார்த்தது. தொடையும் வயிறும் குடம் குடமாகத் தொங்க அவள் கரையில் நின்று, யாருக்கோ வணக்கம் சொல்லத் தூக்கிய கையை இறக்கியபோது, இரண்டு சட்டைக்கையிலிருந்தும் தண்ணீர் வாய்க்கால் போலக் கொட்டியது. வெயிட்டர் ஒருவரின் ஷூ நனைந்தது. அவர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சாம்பாரைக் காப்பாற்றினார்.

"கொளத்துல பரவால்ல மேடம்," என்றான் சூசைராஜ். "கடல்ல ஒத்துக்காது. வெறச்சிடுவீங்க. சின்னது ஒண்ணு கீது. ஒரு ஜப்பான் அம்மா போட்டுகினு இருந்தது."

ஜப்பான் அம்மா உயரத்தில் சியாமளாவேதான். மற்றபடி அவளைக் கடவுள் வேறு மனநிலையில் படைத்திருந்தார். இந்தமுறை உதவிக்கு சூசைராஜின் மனைவி பொன்னி வந்தாள். மீன் மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியவள், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வலை இழுக்க நிற்பதுபோல் காலை அகட்டி நின்றாள்.

"மூச்ச வுடும்மா. வுட்டியா? இன்னும் வுடு. ஆங், இப்ப வாங்காத."

பொன்னியின் முழங்கால் சியாமளாவின் முதுகில் பதிந்தது. ஜிப் ஏறியது. சியாமளாவால் நிற்க முடிந்தது. உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை, கை இரண்டையும் உடம்போடு சேர்க்கவும் முடியவில்லை.

"எப்டி கீது மேடம்?" என்று வெளியிலிருந்து சூசைராஜ் கேட்டான்.

அவளிடம் பதில் இருந்தது. சொல்லுமளவு காற்று உள்ளே இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பொன்னி ஜிப்பை இறக்கப் பார்த்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு அசையமாட்டேன் என்றது.

"யோவ், மீனு வெட்ற கத்திய எட்தாரட்டா?"

"வேணாம்!" என்று ஒரே சமயத்தில் இரண்டு குரல் வந்தது. சூசைராஜ் அலறியது வெட்சூட்டுக்காக. சியாமளா எங்கிருந்தோ காற்றைத் திரட்டி அலறியது தனக்காக.

கடைசியில் பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து சீயக்காய் ஷாம்பு பாக்கெட் எட்டு வாங்கிவந்து, கழுத்து வழியாகவும் கணுக்கால் வழியாகவும் ஊற்றி, அவளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பொன்னி காலைப் பிடித்து உருவினாள். நுரையோடு நுரையாக சியாமளா வெளியே வந்து விழுந்தாள். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா? நல்ல மணமா இருக்கு," என்றாள்.

அதற்குமேல் ஆணியில் தொங்கியவற்றை நம்பிப் பயனில்லை. அமெரிக்காவில் கடலோர ஊரில் இருக்கும் தன் அக்கா மகன் சிவராமுக்கு சியாமளா மின்னஞ்சல் எழுதினாள். அவன் உடனே கடைக்குப் போய் விசாரித்து, 'சித்தி, இங்கே பெண்களுக்கென்றே எல்லா அளவிலும் இருக்கிறது. மார்பு, இடுப்பு, அதற்குக் கீழ், மூன்று அளவும் இஞ்சில் அனுப்பு. சரியாக இருக்கவேண்டும்' என்று எழுதினான்.

சரியான அளவுக்கு அவள் யாரைத் தேடிப் போவாள்? செங்கல்பட்டு கடைத்தெருவில் ஹபீப் பாய் அவளுக்குப் பதினைந்து வருஷமாக ரவிக்கையும் உள்பாவாடையும் தைக்கிறார். ஒரு தடவையாவது பிடித்தது, தொங்கியது என்று அவள் திருப்பிக் கொண்டுபோனதில்லை. போன் போட்டுக் கேட்டாள். பாய் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முப்பத்தாறு, முப்பத்திரண்டு, முப்பத்தெட்டும்மா," என்றார். "பதினஞ்சு வருஷமா அப்டியே மெயின்டெயின் பண்றீங்க." சியாமளாவுக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. அப்படியே எழுதி அனுப்பினாள்.

மார்ச் மாதம் பெட்டி வந்தது. கறுப்பு நிறம், புதுச் செருப்பு வாசனை, உள்ளே ஒரு விளக்கத் தாள். பாலசுப்ரமணியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை உரக்கப் படிக்க, சியாமளா கூடத்தில் நின்று ஒவ்வொரு கட்டமாகச் செய்தாள்.

"காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும்னு போட்டிருக்கான்."

ஜவுளிக்கடைப் பை இரண்டைக் கொண்டுவந்து காலில் மாட்டினார்கள். தாளில் சொன்னபடியே வழுக்கிக்கொண்டு போனது, தொடைவரை. அங்கே நின்றது.

"சூடு பண்ணினா விரியும்," என்றார் பட்டறைக்காரர்.

"எதை, என்னையா?"

"ரப்பரைச் சொன்னேன்."

தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துச் சூடு பண்ணினார். ரப்பர் விரியவில்லை. சியாமளாவுக்குத்தான் வியர்த்தது. அவர் ஒரு காலைச் சோபாவில் ஊன்றி, இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுக்க, அவள் அதற்குத் தோதாகத் துள்ளிக்கொண்டிருந்தபோது, தாழிடாத கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு சாரதாம்பாள் கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மோர்க்குழம்பு. அப்புறமா வரேன்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணமும் வரவில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, பையில் வெட்சூட்டோடு சியாமளா செங்கல்பட்டில் இறங்கினாள். ஹபீப் பாயின் கடையில் நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். அவள் அந்தக் கறுப்பு உருவத்தை மேஜைமேல் போட்டாள்.

பாய் முதலில் அதை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். "இன்னாம்மா துணி இது? எருமத் தோலு மாரி கீது."

"துணி இருக்கட்டும் பாய். நீங்க சொன்ன அளவுக்கு வாங்கினது. தொடைக்கு மேல ஏறமாட்டேங்குது. அளவு சரிதானா?"

பாயின் கை நின்றது. நோட்டை எடுத்தார். திறந்தார். மூடினார். "உள்ள வாங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். உள்ளே அவர் மனைவி ஜெய்புனிசா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பா எட்துக்காதீங்க. நான் வாயால சொல்றது ஒரு அளவு. வெட்றது ஒரு அளவு."

"என்ன பாய் சொல்றீங்க?"

"கட வெச்ச புதுசுல ஒரு அம்மாவுக்கு உள்ளத உள்ளபடி சத்தமா சொல்லிட்டேன். அதோட அவங்க வரல. அவங்க தங்கச்சிங்க மூணு பேரும் வரல. அன்னிலர்ந்து வாயால கொறச்சி சொல்றது, நோட்ல புள்ளி வெச்சிக்கிறது. ஒரு புள்ளின்னா ஒரு இஞ்சு."

சியாமளா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய பெயருக்குக் கீழே வருஷ வாரியாக அளவுகள் இருந்தன. 1992-இல் இடுப்புக்குக் கீழ் முப்பத்தெட்டு. 1996-இலும் முப்பத்தெட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி. பேனா கசிந்திருக்கிறது என்று அவள் எத்தனையோ முறை நினைத்த புள்ளிகள். 2001-இல் முப்பத்தெட்டு, மூன்று புள்ளி. போன தீபாவளிக்கு நாலு. முப்பத்தெட்டு அசையாமல் நிற்க, புள்ளிகள் மட்டும் குடும்பம் குடும்பமாகப் பெருகியிருந்தன.

முதலில் கோபம் வந்தது. கொட்டலசைக்கூட அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவளை, ஒரு மனுஷன் பதினைந்து வருஷமாக நாலு இஞ்சு ஏமாற்றியிருக்கிறார். அடுத்தாற்போல் வெட்கம் வந்தது. 'என் சைஸ் மாறவே இல்லை' என்று சாரதாம்பாளிடம் அவள் இரண்டு முறை பீற்றிக்கொண்டிருக்கிறாள். பாயின் முகத்தைப் பார்த்தாள். தூக்குத் தண்டனை கேட்கக் காத்திருப்பவர் போல நின்றிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை வந்த சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பாய், இப்ப நிஜ அளவு எடுங்க. புள்ளியெல்லாம் வேண்டாம்."

ஜெய்புனிசா திரைக்குள் டேப்பால் அளந்தாள். பாய் வெளியே நின்று எழுதினார். நடுவில் திரை, வெளியே பஸ் ஹாரன். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"நாப்பத்திரண்டு!" என்றாள் ஜெய்புனிசா.

"எத்தினி?"

"நாப்பத்திரண்டுங்கறேன்!" என்று இந்தமுறை சியாமளாவே கத்தினாள்.

கடையில் இருந்தவர்கள் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். காத்திருந்த பெண்களில் ஒருத்தி, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், பாயிடம் மெதுவாகக் கேட்டாள். "எனுக்கு எத்தினி புள்ளி பாய்?"

பாய் சட்டென்று நோட்டை மூடிக்கொண்டார். சியாமளா வேறொரு சங்கதியும் சொன்னாள். கடலுக்கடியில் நிதானமாக, நிறைய மூச்சிழுக்கவேண்டும்; அதற்கும் சட்டை இடம் கொடுக்கவேண்டும். எனவே மூச்சை நிறைய இழுத்து ஓர் அளவு, முழுக்க விட்டு ஓர் அளவு எடுத்தார்கள். இரண்டுக்கும் இரண்டரை இஞ்சு வித்தியாசம் வந்தது. பாய் அதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தினி வருஷமா எந்த மூச்சுலம்மா நான் அளந்துகினு இருந்தேன்?" என்றார்.

கணக்குப்படி இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து தொடைவரை ரப்பர் பட்டி வைத்துப் பிரித்துத் தைக்கவேண்டும். ரப்பருக்கு எங்கே போவது? சூசைராஜ் அந்த மஞ்சள் வெட்சூட்டைக் கொடுத்தான். "தோளு கிழிஞ்சிதான் கீது. எட்துக்கோங்க மேடம். அதப் போட்டுகினு நீங்க கொளத்துல ஏறினது எனுக்கு இன்னும் கனவுல வருது."

பாய் வெட்டினார். தைக்க முடியவில்லை. மெஷினில் மூன்று ஊசி உடைந்தது. கையால் தைத்தால் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் வரும். அப்போதுதான் பாலசுப்ரமணியன் தானாக முன்வந்தார். மோர்க்குழம்புச் சம்பவத்துக்குப் பிறகு ஒதுங்கியே இருந்தவருக்கு, சிக்கல் ரப்பரில் என்று தெரிந்ததும் மனசு தாங்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் குழாய் மூட்டுகளுக்கு ரப்பர் வளையம் போடுகிறவர் அவர்.

"முதல்ல ஓரத்தை ஓரத்தோட ஒட்டணும் பாய். ஷூ அடிப்பாகம் ஒட்டுற பசை இருக்குல்ல, அது. காய்ஞ்சப்புறம் பாதி கனம்வரைக்கும் மட்டும் ஊசியை விட்டுக் கையால தைக்கணும். அந்தப் பக்கம் வரக்கூடாது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடையின் பின்பக்கம் பசை நாற்றத்தில் உட்கார்ந்தார்கள். இவர் மில்லிமீட்டர் என்பார். அவர் அரை இஞ்சு, அரைக்கால் இஞ்சு என்பார். ஆளுக்கொரு காகிதத்தில் போட்டுப் பார்த்து, சண்டை போட்டு, டீ குடித்து, மறுபடி ஒட்டினார்கள். முதல் முறை போட்டுப் பார்த்தபோது வலதுபக்கப் பட்டி இழுத்துப் பிடித்ததில் சியாமளாவின் வலது கை இறங்கவே இல்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி நின்றாள். பிரித்து மறுபடி ஒட்டினார்கள்.

இரண்டாம் முறை ஜெய்புனிசா ஜிப்பைப் பிடித்தாள். முழங்கால் தேவைப்படவில்லை. அது சாதாரணமாக ஏறியது. சியாமளா குனிந்தாள். உட்கார்ந்து எழுந்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். ரப்பர் அவளோடு கூடவே விரிந்து, அவள் விட்டபோது கூடவே சுருங்கியது. முதுகில் மடிப்பில்லை, கழுத்தில் இடைவெளியில்லை. பாய் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பாலசுப்ரமணியன் பட்டியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார்.

கோவளத்தில் அவளைப் பார்த்ததும் பொன்னிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னா மேடம், கறுப்பும் மஞ்சளுமா ஆட்டோ மாரி கீற! மீட்டர் போடுவியா?"

ஏப்ரல் மாதம், காற்றில்லாத ஒரு சனிக்கிழமை காலை, சூசைராஜின் ஃபைபர் படகு கிளம்பியது. கரையிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு பழைய இரும்புத் தோணி மூழ்கிக் கிடந்தது. ஆழம் எட்டு மீட்டர்தான், முதல் தடவை கடலில் இறங்கிப் பழக ஏற்ற இடம். கிளம்பும்போது பாலசுப்ரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் படகில் ஏறினார். சியாமளா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். சுனாமி வந்த அன்று காலை குடியிருப்பில் கண்ணால் கண்டவற்றுக்குப் பிறகு, இரண்டு வருஷமாக அவர் கடற்கரைப் பக்கம் கால் வைத்ததில்லை.

"ஒட்டின இடம் தாங்குதான்னு பாக்கணும்ல," என்றார் அவர் கடலைப் பார்க்காமல்.

நங்கூரம் போட்டதும் சூசைராஜ் சொன்னபடி அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து, முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மல்லாக்கத் தண்ணீரில் விழுந்தாள். பின்கழுத்திலிருந்து ஒரு குளிர்ந்த கோடு முதுகெலும்பு வழியாக இறங்கியது. ஐயோ, ஒழுகுகிறதா? கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அந்தக் கோடு அங்கேயே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் குளிர் விட்டது. அப்புறம் அது இருந்த இடமே தெரியவில்லை. அவள் சூசைராஜைப் பார்த்து, சரி என்று விரல்களை வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். இறங்கினார்கள்.

தோணி பச்சை வெளிச்சத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பு முழுக்கக் கொட்டலசு. அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து நின்றாள். முதலில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. அவளுடைய நிழலுக்குப் பயந்திருக்கும். அவள் அசையாமலிருந்தாள். ஒன்று திறந்தது. உள்ளேயிருந்து இறகு மாதிரி ஒரு கொத்து வெளியே வந்து, விரிந்து, தண்ணீரைத் துழாவி, பிடித்ததைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. பக்கத்தில் ஒன்று. பிறகு பத்து. பிறகு அந்த விளிம்பு நெடுகக் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஆயிரக்கணக்கான கால்கள் விரிந்தும் சுருண்டும், அவசரமாக, பசியோடு, யாரையும் சட்டை செய்யாமல் வீசிக்கொண்டிருந்தன. தலைகீழாக ஒட்டிக்கொண்டு காலால் சாப்பிடுகிற பிராணி என்று எத்தனையோ பேருக்கு அவள் விளக்கியிருக்கிறாள். இவ்வளவு வேகம் என்று அவளுக்குத் தெரியாது. எண்ணவேண்டும் என்றே தோன்றவில்லை. ஆபீஸில் கொடுத்தனுப்பிய கேமரா மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சூசைராஜ் தோளைத் தட்டிக் காற்று அளவைக் காட்டியபோதுதான் நினைவு வந்து நாலு படம் எடுத்தாள். இரண்டில் அவளுடைய கட்டைவிரல் விழுந்தது.

மேலே வந்து அவள் படகில் ஏறியபோது பாலசுப்ரமணியன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நின்ற படகு ஆடியதில் காலையில் சாப்பிட்ட பொங்கல் முழுக்க வெளியேறியிருந்தது. முகம் வெளுத்து, மீசை மட்டும் கறுப்பாக இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் ஈனஸ்வரத்தில். "சரியா இருந்துச்சா?"

"எது?"

அவர் விரலால் அவளுடைய விலாவில் ஓடிய மஞ்சள் பட்டியைக் காட்டினார். சியாமளா குனிந்து பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தது.

"ஒரு சொட்டு ஒழுகல்லீங்க," என்றாள். பிறகு அவர் பக்கத்தில் ஈரத்தோடு நெருங்கி உட்கார்ந்துகொண்டு, முகமூடி பதிந்த தடம் நெற்றியில் சிவந்திருக்க, கையை விரித்தும் சுருட்டியும் அவருக்குக் காட்டத் தொடங்கினாள். "எல்லாம் ஒரே நேரத்துல இல்லைங்க. இது வீசும், அது நிக்கும். ஒண்ணு என் பக்கமா நீட்டிச்சு பாருங்க—"

"ஒரு நிமிஷம் இரு," என்று அவர் வாளிக்குள் குனிந்தார்.

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சூசைராஜ் நங்கூரத்தை இழுத்துப் போட்டு இன்ஜினைக் கிளப்பினான். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லு. காலு எத்தனை?"

"ஆறு ஜோடி," என்றாள் சியாமளா, இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி.